செல்வன் என்றால் எல்லாம் நான்தான்

நேற்று கைபேசி என்னிடம், 'இந்த மூன்று மின்னஞ்சல் முகவரிகளில் நீங்கள் யார்?' என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதே கேள்விக்குத் திருத்துறைப்பூண்டியில் எங்கள் வக்கீல் கலைச்செல்வன் சொன்ன பதிலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அவரிடம் நான் தட்டச்சு வேலை பார்த்த காலம். மின்னஞ்சலில் அப்போது படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். சாருக்கு நாலு முகவரி. வழக்குக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று, கல்லூரிச் சிநேகிதர்களுக்கு ஒன்று, சம்சாரத்துக்குத் தெரியாமல் சீட்டாட்டக் கூட்டாளிகளுக்கு ஒன்று. நாலும் ஒரே ஆள் என்று அந்த மின்னஞ்சல் நிரலுக்கு, அதாவது புரோகிராமுக்கு, தெரியாது. எல்லோருக்கும் பதில் போட்டால் அவருக்கே ஒரு பிரதி வந்து விழும். 'யாரும்மா இவன், நான் எழுதற மாதிரியே எழுதறான்?' என்று பல்லைக் கடிப்பார்.

பத்திரத்தில் 'கோவிந்தம்மாள் என்கிற கோமளம்' என்று எழுதுவோமில்லையா, அப்படி ஒரு வரியை நிரலின் அமைப்புக் கோப்பில் எழுதலாம். இவையெல்லாம் நான்தான், பதில் போடும்போது விட்டுவிடு என்று அர்த்தம். நாலையும் தனித்தனியாக அடிக்கப் போனேன். விடுவாரா மனுஷன்!

'நாலு எதுக்கும்மா? செல்வன்னு மட்டும் போடு. செல்வன்னு எங்க வந்தாலும் நான்தான்.'

ஐயோ சாமி! கழக ஆட்சி வந்த பிறகு எங்கள் பக்கம் தொட்டில் கட்டிய வீடுகளில் பாதிக்கு ஒரு செல்வன். தமிழ்ச்செல்வன், அருட்செல்வன், அறிவுச்செல்வன்... ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாருக்கும் வால் ஒன்றுதான். சொல்லிப் பார்த்தேன். 'உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்' என்றார். போட்டுத் தொலைத்தேன்.

அப்போது எங்களிடம் இருந்தது அஞ்சலையக்காவின் வழக்கு. அவர் உழுத குத்தகை நிலத்துக்குச் சொந்தக்காரர் அமெரிக்காவில். இங்கே அவருடைய காரியஸ்தர் அன்புச்செல்வன். அக்கா அளந்த நெல்லை அமுக்கிக்கொண்டு, 'அவ குத்தகை அளக்கறதே இல்லை' என்று முதலாளி காதில் ஓதி, நிலத்தைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட வைத்த புண்ணியவான். நிலம் போனால் அக்காவுக்கு வேறு பிழைப்பில்லை. 'நட்ட பயிர விட்டுட்டு எங்கம்மா போவேன்?' என்று என்னிடம் அழுவார்.

அமெரிக்காக்காரர் சாருக்கு எழுதிய மின்னஞ்சலில் அன்புச்செல்வனுக்கும் ஒரு பிரதி இருந்தது. சார் எல்லோருக்கும் பதில் போட்டார். நிரல் பார்த்தது. செல்வனா? அதுவும் இவர்தானே! கழற்றிவிட்டது. அந்தப் பதிலுக்கே அமெரிக்காக்காரர் மறுபதில் எழுத, அதோடு காரியஸ்தர் காணாமல் போனார். நடுவில் ஓத ஆளில்லாததால் இருவரும் மனம்விட்டு எழுதிக்கொண்டார்கள். நெல் அளந்தபோது களத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று சார் எழுதினார். அமெரிக்காக்காரர் அவர்களிடம் தொலைபேசியில் விசாரித்தார். அந்தம்மாவே உழட்டும் என்று வழக்கை வாபஸ் வாங்கினார்.

அன்புச்செல்வன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். 'எனக்கு ஏன் சார் ஒரு மெயிலும் வரலை?'

சார் திருதிருவென்று என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மெல்லத்தான் சாருக்கு விளங்கியது. சொன்னார்:

'நீங்களும் நானும் ஒண்ணுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சுங்க. உங்களுக்கும் சேர்த்து நானே பேசி முடிச்சுட்டேன்.'

கறுப்புத் திரை போயிற்று, சாரும் போய்விட்டார். அஞ்சலையக்கா கடைசிவரை அந்த நிலத்தில்தான் உழுதார். இப்போது அவர் மகள் உழுகிறாள். போன மாதம் அமெரிக்காக்காரரின் வாரிசுகளிடமிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல்; பழைய கதை தெரிந்தவள் என்று எனக்கும் ஒரு பிரதி. பிள்ளைகள், மருமக்கள், ஆளுக்கொரு வக்கீல், புதுக் காரியஸ்தர் என்று முகவரிகள் திரை கொள்ளவில்லை. இந்தக் காலத்து நிரல் கெட்டிக்காரத்தனமானது, எல்லோருக்கும் பதில் போட்டால் ஒருவரையும் விடுவதில்லை. நிலத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.