அம்மா திருப்பாத கார்

போன வாரம் என் காருக்கு டயர் மாற்ற, சென்னையில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கடைக்குப் போயிருந்தேன். கழற்றிப் போட்ட பழைய டயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த கடைக்காரர், "நாலும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு மேடம், வண்டிய நல்லா ஓட்டியிருக்கீங்க" என்றார். பாராட்டு என்றால் எனக்கு வாயெல்லாம் பல். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கடை முழுக்கப் புது ரப்பர் வாசனை. அந்த வாசனையில், ஒரே மாதிரி தேயாத ஒரு டயர் ஞாபகத்துக்கு வந்தது. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற சிவப்புக் காரின் இடது பக்க முன் டயர் அது.

அந்தக் காரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் காசு சேர்த்ததும் கீழ்பென்னாத்தூர் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அவர் மல்லாட்டை மூட்டையை அதில்தான் ஏற்றியிருப்பார் போல. எத்தனை முறை கூட்டினாலும் சீட்டுக்கு அடியிலிருந்து தோல் வந்துகொண்டே இருந்தது. வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் வறுத்த மல்லாட்டை வாசனை அடிக்கும், நமக்குப் பசி எடுத்துவிடும். நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்று விற்றவர் சொன்னார். நாலாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் உட்காரலாம்தான்.

அப்பாவுக்கு அதில் ஏறவே இஷ்டமில்லை. அரசுப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், நல்ல உயரம். முன் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். "இது காரா, தீப்பெட்டியா?" என்பார். அவருக்குக் கால்தான் எல்லாம். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருவார். எங்கள் வீடு செங்கம் ரோட்டில், கிரிவலம் போகிறவர்கள் நடக்கும் வழியிலேயே இருந்தது. சாதாரண நாட்களில் யாராவது காரில் மலையைச் சுற்றுவதைப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "கார்ல குந்திக்கினு சுத்துறதுக்குப் பேரு கிரிவலமா? கால் எதுக்குக் குடுத்துக்கீறான் கடவுள்?"

அந்தக் காலைத்தான் பக்கவாதம் பிடித்தது. இடது கை, இடது கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி செய்தால் நடக்கலாம் என்றார் டாக்டர். மையம் அதே செங்கம் ரோட்டில், எங்கள் வீட்டைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம். ஆனால் அப்பா வெளியே வர மறுத்தார். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன், ஆட்டோதான் கதி. ஆட்டோ ஸ்டாண்டில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். "சார், சார்" என்று ஓடி வந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி உட்கார வைத்தார்கள். ஒரு தடவை போனார், அத்தோடு சரி. அந்த மாதப் பௌர்ணமியன்று சாயங்காலம் வாசலில் ஜனம் நடக்கிற சத்தம் கேட்டதும், "ஜன்னல சாத்து" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படியே விட்டால் இந்த மனுஷன் அறைக்குள்ளேயே முடிந்துபோவார் என்று பயமாக இருந்தது.

என் கையிலோ சென்னைக்கு மாற்றல் உத்தரவு. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுடி."

அம்மா சைக்கிள்கூட மிதித்ததில்லை. நான் லைசென்ஸ் வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் பெரிய குரு மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து அதட்டினேன். விடியற்காலையில் கிரிவலப் பாதையில் கூட்டம் கம்மி. மலையை எப்போதும் வலமாகத்தான் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கமாக ஓட்டமாட்டேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் தினமும் வீட்டில் கிளம்பி, மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு முழுச் சுற்றுச் சுற்றி வீட்டுக்கே வந்து நிற்போம். ஒரே ஒரு நாள், அடி அண்ணாமலையில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். பின்னால் இளநீர்க் குவியல். இடித்ததில் காய்கள் ரோடெங்கும் உருண்டன, கடைக்காரம்மா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் ஓடிப் பொறுக்கினோம். அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "முன்னால போறது போதும். திருப்பற வேலையெல்லாம் எனக்கு வாணாம்."

மிச்சத்தை ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஒப்படைத்துவிட்டு நான் சென்னைக்கு வந்தேன். லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். அப்பா பிசியோதெரபிக்கு வருகிறார் என்றும் சொன்னாள். சொந்த வண்டி, ஓட்டுவது பெண்டாட்டி, யாரும் தூக்க வேண்டாம். தீப்பெட்டி என்று திட்டியதை அவர் மறந்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். அப்பாவின் பக்கத்துக் கண்ணாடியை அவரால் இறக்க முடியாது, இடது கைக்குப் பலமில்லை. அம்மா தன் சீட்டிலிருந்தே குறுக்கே எட்டி, கண்ணாடி இறக்கும் பிடியைச் சுற்றினாள். சின்னக் காரில் அது ஒரு வசதி, பெரிய காரில் எட்டாது. பயிற்சி முடிந்து வெளியே வந்தோம். வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேற்கே நேராகப் போனது.

"அம்மா, வீடு அந்தப் பக்கம்."

"ரோட்ல திருப்ப பயமா கீதுடி. நேராப் போனா வீடு வந்துடும்."

அப்பா அலுத்துக்கொண்டார். "உங்கம்மாவுக்குத் திருப்பத் தெரியல. இன்னா பண்றது? சுத்தித்தான் போவணும்." சொல்லிவிட்டு வலது காலால் இரண்டு செருப்பையும் தள்ளிக் கழற்றி சீட்டுக்கு அடியில் ஒதுக்கினார். ஏன்ப்பா என்று கேட்டேன். கால் காந்துகிறது என்றார்.

சிரிப்பாக இருந்தது எனக்கு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வர, வாரத்தில் மூன்று நாள் மலையையே சுற்றுகிறார்கள்! அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்புறம் ஒரு முறை அந்த இடது டயர் வெளி ஓரம் மொழுக்கென்று தேய்ந்திருப்பதைப் பார்த்து, எனக்கு எதையும் நோண்டாமல் இருக்க முடியாதே, அங்கே ஒரு டயர் கடைக்காரரிடம் காட்டினேன். "அலைன்மெண்டாவும் இருக்கலாம்மா. இல்லன்னா யாரோ ஒரே பக்கமா வளைச்சிக்கினே ஓட்டறாங்க" என்றார். எனக்கு இன்னும் சிரிப்பு ஜாஸ்தியாயிற்று.

இதற்கிடையில் அப்பா மாறிக்கொண்டு வந்தார். வாக்கரைப் பிடித்து வாசல்வரை வந்தார். ஒரு பௌர்ணமிக்கு நான் போனபோது ஜன்னல் திறந்திருந்தது, அவர் அதற்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே நடந்து போன ஒரு வாலிபனைப் பார்த்து, "தோள தொங்கப் போடாதடா, நிமுந்து நட!" என்று கத்தினார். அவனும் பயந்துபோய் நிமிர்ந்து நடந்தான். அடுக்களையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படியே சில வருஷம் நல்லபடியாக இருந்தார். பிறகு ஒரு மார்கழியில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, பிசியோதெரபி மையத்திலிருந்து வாங்கிவந்த வாக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அம்மா ஓட்டினாள். நான் அப்பாவின் சீட்டில். கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், கையை வெளியே நீட்டி எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தினாள், கொஞ்சம் பின்னால் எடுத்து, ஒடித்து, வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள். நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"எப்பம்மா கத்துக்கின?"

"இது இன்னா பெரிய வித்தை? டிரைவிங் ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்களே."

"அப்புறம் ஏன்..."

"கிரிவலம் போலாம் வாங்கன்னு கூப்ட்டிருந்தா, உங்கப்பா கார்ல ஏறியிருப்பாரா?"

திருப்பத் தெரியாதவளுக்கு லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும் என்ற ஒரு கேள்வி, ஊரில் உள்ளதையெல்லாம் துருவிக் கேட்கும் எனக்கு அத்தனை வருஷமும் தோன்றவில்லை பாருங்கள்.

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"அவரு கேக்கல. நானும் சொல்லல."

எனக்கு அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். வண்டி வீட்டைப் பார்த்துப் போகப்போக இடது பக்கம், என் ஜன்னலுக்கு நேராக மலை வந்தது. அந்தச் சீட்டிலிருந்து மலை இப்படித் தெரியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. வலம் போகும்போது மலை ஓட்டுகிறவர் பக்கம் அல்லவா? அப்படியென்றால் அப்பா அத்தனை சுற்றிலும் அம்மாவின் முகத்தைத் தாண்டித்தான் மலையைப் பார்த்திருக்கிறார். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கியரை மாற்றினாள்.

அந்தக் காரை விற்றுவிட்டோம். அந்த மாதிரி வண்டியே இப்போது ரோட்டில் கண்ணில் படுவதில்லை. செங்கம் ரோட்டு வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அம்மா சென்னையில் என்னோடு இருக்கிறாள். டயர் மாற்றிக்கொண்டு வந்த அன்று, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன் என்று சாவியை நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வாணாம்டி. இந்த ஊர்ல நேராப் போனா வீடு வராது."