நைனா கலந்த மண்

எங்கள் நிலம் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், தொழிற்சாலைகள் பக்கமிருந்து வரும் கால்வாயை ஒட்டி இருந்தது. கால்வாய் ஓரத்தில் எதை நட்டாலும் மஞ்சளாகிச் செத்துப்போகும். மொத்த நிலத்தையும் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். நைனா முடியாது என்றார். கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள்.

மண்ணைச் சோதிப்பதுதான் அப்போது என் வேலை. மணவாள நகரில் அறை எடுத்துத் தங்கி, ஒரு ஆய்வுக்காகத் திருப்பாச்சூர்ப் பக்கத்து வயல்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து மண்ணையும் தனித்தனியே எடுத்து, எங்கே என்ன குறை என்று வரைபடம் போடுவது. நம் நிலத்துக்கும் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"மொத்தமும் கெட்டிருந்தா கையெழுத்துப் போடறேன். ஓரம் மட்டும்னா, ஓரத்த உட்டுட்டு மீதியில பயிர் வைப்பேன்" என்றார் நைனா. அண்ணன் சரி என்றான்.

ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்து மண் எடுத்தேன். வீட்டு நிழலில் செய்தித்தாள் விரித்து, கட்டத்துக்கு ஒரு குவியலாக எண் எழுதிக் காயவைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். மறுபடி வந்தபோது தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மண்ணைக் காணோம்.

"உனக்கு இன்னாத்துக்கு அலைச்சல்னு நானே முடிச்சிட்டேம்மா" என்று சிரித்தார் நைனா.

எங்கள் பக்கத்தில் மண் பரிசோதனை என்றால் ஒரே முறைதான். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை அப்படியே. நைனா காலமெல்லாம் அப்படிச் செய்தவர். மிஞ்சியதைத் துணிப்பையில் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, மண்வளக் கார்டும் வாங்கி வந்திருந்தார். மொத்த நிலத்துக்கும் சேர்த்து உப்பு அதிகம் என்றது கார்டு.

அட தலையெழுத்தே! குழம்பைக் கலக்கிய பிறகு உப்பு எந்த மூலையில் விழுந்தது என்று யார் சொல்ல முடியும்? நான் கத்தியிருக்க வேண்டும். கோபம்கூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

"திரும்ப எடுக்கலாம் நைனா. இதுல கலக்கவே கூடாது."

"எத்தினி தபா எடுப்ப? அவரேதான கலந்தாரு, அவரேதான கார்டு வாங்கினாரு. சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத" என்றான் அண்ணன்.

நைனா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்பவும் கலக்கத்தானம்மா சொல்லுவாங்க" என்றார். அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "பேசனது பேசனதுதான்" என்று எழுந்து போனார்.

பத்திரம் பதிவான அன்று நான் யாரோ ஒருவர் வயலில் மண் எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் டீ குடித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. சீக்கிரமே நிலத்தைச் சுற்றிச் சுவர் எழும்பியது. உள்ளே கிராவல் கொட்டி மேடாக்கிவிட்டார்கள்.

நாலாகப் பிரித்தபோது தள்ளிய மண்ணை நைனா வீட்டுக்குப் பின்னால், புதிதாக ஊன்றிய முருங்கைக்கொம்பின் அடியில் கொட்டியிருந்தார். எங்கள் நிலத்தில் மிச்சம் அவ்வளவுதான். முருங்கை நன்றாகவே காய்க்கிறது. அம்மா அதைப் போட்டுக் குழம்பு வைத்தால், நைனா காயை மட்டும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்.