இடம் தவறிய முரசடி

என் தம்பி இசையமைப்பாளன் என்று சொன்னால், எந்தப் படத்துக்கு என்று கேட்பார்கள். படமெல்லாம் இல்லை. மேடை நிறையக் கறுப்பு உடுப்போடு உட்கார்ந்து வயலினும் செல்லோவும் வாசிப்பார்களே, அவர்களுக்குப் புதிது புதிதாக எழுதிக் கொடுக்கிறவன். அந்தக் கறுப்பு உடுப்பைத் தைக்கிறவள் நான். அவன் பெருமையைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

எங்கள் அப்பாவுக்கு லாரிப் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றுவார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சொல்லிக்கொண்டேதான் விளாசுவார். நான் ஊரைக் கூட்டி அழுவேன். தம்பி அழமாட்டான், அடுத்த அடி எப்போது விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். அந்தக் காதுதான் பிற்பாடு அவனுக்குச் சோறு போட்டது. அப்பா செத்ததும் விட்டது சனியன் என்று நினைத்தேன். பெல்ட்தான் போயிருந்தது, கை தம்பிக்கு வந்துவிட்டது.

அவன் எழுதுகிற அறையில் உருப்படியான நாற்காலி ஒன்று கிடையாது. தூக்கிச் சுவரில் அடிப்பான். சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்பான். பிறகு உட்கார்ந்து எழுதுவான். தட்டு, கண்ணாடி, கதவு எல்லாவற்றுக்கும் அதே கதிதான். ஒருமுறை ஒத்திகையில், சுதி பிசகிய வயலின்காரரின் முகத்தில், இசைத்தாளை வைக்கும் இரும்புத் தாங்கியை எறிந்து முன்பல்லை உடைத்தான். மேதை என்றால் அப்படித்தான் இருப்பார் என்றார்கள். நாசமாய்ப் போக! இவன் மேதை என்றால் அந்த மனுஷனின் பல் என்ன பாவம் செய்தது?

அவன் பெண்டாட்டி ஒருநாள் உதட்டில் ரத்தத்தோடு பஸ் ஏறினாள். போனவள் போனவள்தான். மகள் மாட்டிக்கொண்டாள். அவள் வளர்ந்து, அப்பன் குழுவிலேயே பெரிய முரசு வாசிக்க ஆரம்பித்தாள். உடுப்புக்கு அளவெடுக்கும்போதெல்லாம் முதுகில் புதிதாக ஓர் இடம் கன்றிப்போயிருக்கும். ராத்திரி அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் படுப்பாளாம்.

"என் வீட்டுக்கு வந்துடுடி" என்று கெஞ்சுவேன்.

"அப்பாவுக்கு வேற யாரு இருக்கா அத்தை? கோவம் வந்தாதான் அப்படி. கோவம் போனதும் அவரே உக்காந்து மருந்து போட்டுவிடுவாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தப் பெண்ணை உயிரோடு அங்கிருந்து கிளப்ப வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லாமல் போயிற்று.

போன மழைக்காலத்தில் அவனுடைய புதுப் படைப்பு ஒன்று மேடையேற இருந்தது. எல்லோரும் வாசிப்பது முழுவதும் அவன் கையிலுள்ள பெரிய பிரதியில் மட்டும்தான் இருக்கும். மற்றவர்களிடம் அவரவர் தாள்தான். முரசுக்காரிக்கு அதிலும் பாதி வெற்றிடம். மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருந்து, கணக்கு முடிகிற இடத்தில் அடிக்க வேண்டும். கடைசி ஒத்திகைக்கு முந்தின நாள் நடுவில் சில வரிகளை வெட்டினான். ஒவ்வொரு நாற்காலியாகப் போய் அத்தனை தாளையும் பென்சிலால் திருத்தினான். மகளுடையதை விட்டுவிட்டான். வீட்டில்தானே இருக்கிறாள், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். சொல்லவில்லை. அவள் தாளில் பழைய கணக்கே இருந்தது.

மறுநாள் நான் பின்வரிசையில் உட்கார்ந்து கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து அரங்கமே மூச்சடக்கிய இடத்தில் முரசு இடியாய் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசி விரலில் ஏறிவிட்டது.

முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்த தம்பி மேடையைக் கடந்து போய் அவள் கையிலிருந்த முரசுக் கோலைப் பிடுங்கினான். அவள் கையை முரசின் இரும்பு விளிம்பில் அழுத்தி, கோலின் கட்டைப் பிடியால் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. மறுபடி அடித்தான். தோளில் ஒன்று விழுந்தது. முரசோடு சேர்ந்து அவளும் சாய்ந்தாள். நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கிழிந்து கையோடு வந்தது.

"கையை எடுடா பாவி. பெத்த பொண்ணுடா."

அவள் தரையிலிருந்தே சொன்னாள்: "என் தாள்ல அப்படித்தாம்பா இருக்கு."

தாளை எடுத்துப் பார்த்தான். பென்சில் கீறல்கூட இல்லை. இப்போதாவது அவள் காலில் விழுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நின்றான். பிறகு தன் பெரிய பிரதியிடம் போய்க் குனிந்து எழுத ஆரம்பித்தான்.

"நல்லா விழுந்துச்சு. அந்த அடி அங்கேயே இருக்கட்டும். நாளைக்கும் அதே எடத்துல அடி."

அவள் விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப உங்களுக்குக் கோவம் இருக்காப்பா?"

"இல்லம்மா. எல்லாம் போயிடுச்சு."

"என் கையைப் பாக்கலியே?"

"பாக்கலாம், இரு." பென்சில் நிற்கவில்லை.

 அவள் நல்ல கையை ஊன்றி எழுந்தாள்.

"நாளைக்கு வேற ஆளைப் பாருங்கப்பா. அத்தை, வாங்க போலாம்."

மறுநாள் வேறொருவர் அடித்தார். எழுந்து நின்று கைதட்டினார்களாம். அந்த ஒற்றை அடியில் உடம்பு சிலிர்த்தது என்று பத்திரிகையில் எழுதினார்கள். தட்டட்டும், எழுதட்டும். நாங்கள் போகவில்லை. என் வீட்டில் கைக்கட்டோடு உட்கார்ந்தவளுக்கு நான் ஊட்டிவிட்டேன். உப்பு போதவில்லை என்று என்னிடமே குறை சொன்னாள். சாப்பிட்டுப் போய்ப் படுத்தவள், கதவைத் தாழ் போடாமல் தூங்கினாள்.