பெரியம்மா கட்சியின் கொள்கை

எங்கள் வீட்டில் வாசலில் நின்று அக்காவோடு பேசுவது குற்றம். கொல்லையில் பேசலாம், மாடியில் பேசலாம், ஒரே தட்டில் இட்லி பிய்த்துத் தின்னலாம். தெருவுக்கு வந்துவிட்டால் அவள் யாரோ, நான் யாரோ. பெரிய வெள்ளிக்கிழமை கறி தின்னக் கூடாது என்பதுபோல இதுவும் ஒரு கட்டளை என்றுதான் ஒன்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்றால் பெரியப்பா மகள். என்னைவிட ஐந்தே மாதம் மூத்தவள். அந்த ஐந்து மாதத்துக்கு அவள் பண்ணிய அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. திண்டுக்கல்லில் நடுவே ஒரு சுவரும் ஆளுக்கொரு வாசலுமாக எங்கள் வீடு. இந்தப் பக்கம் அப்பா, மாநிலக் கட்சி. அந்தப் பக்கம் பெரியப்பா, அகில இந்தியக் கட்சி. டில்லியிலிருந்து தலைவர் வந்து இந்தியில் முழங்கினால், பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முந்திக் கைதட்டுவார். என்ன பேசினார் என்று கேட்டால், "நல்லாத்தான் பேசுனாரு" என்பார். ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் கதவைத் திறந்துவைத்து, இருவரும் ஒரே சட்டிக் கறிக்குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

எல்லாம் கன்னிவாடிப் பக்கம் இருவருக்கும் பொதுவாக இருந்த தோட்டத்துக்காக. மோட்டாருக்குக் கரண்டு வேண்டும், வண்டி போகப் பாதை வேண்டும். எவன் ஜெயித்தாலும் அங்கே நம்மாள் ஒருத்தன் இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் பிரிந்திருந்தார்கள். இது எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி.

ஒன்பது வயதான அந்த வருஷம் எனக்கும் அக்காவுக்கும் ஒரே நாளில் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. வெள்ளைக் கவுன், தலையில் வலை முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பள்ளிக்கூடத்திலிருந்து கோயில்வரை இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் பவனி. அக்காவோடுதான் போவேன் என்று ஒரு வேளை சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தேன். அப்பா சிஸ்டரிடம் போய், என்னை முதல் வரிசையிலும் அவளைக் கடைசி வரிசையிலும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். ஊர் பார்க்குமாம், தலைவர் காதுக்குப் போகுமாம். நான் யார் கையைப் பிடித்து நடந்தால் சென்னையில் இருக்கிற மனுஷனுக்கு என்ன! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பவனிக்கு நான்கு நாள் இருக்கும்போது டிவியில் செய்தி வந்தது. டில்லித் தலைவரும் சென்னைத் தலைவரும் கைகளைக் கோத்துத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டணி! அக்காவும் நானும் கட்டிலில் ஏறிக் குதித்தோம். திரும்பிப் பார்த்தால், அப்பாவும் பெரியப்பாவும் சாவு விழுந்த துட்டி வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கமாயிட்டமேண்ணே," என்றார் அப்பா. "இப்ப எதிர்ப்பக்கம் நம்மாளு யாரு?"

பெரியப்பா வீட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மா லாயக்கில்லை, புது ஆள் வந்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். பார்வை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் வந்து நின்றது.

"என்னத்துக்கு இப்படிப் பாக்குறீங்க?"

"நாளைக்கு நல்ல சேலையாக் கட்டிக்க. எதிர்க்கட்சியில சேரணும்."

"ஆத்தாடி! எனக்கு என்ன கொள்கை தெரியும்?"

"எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்? துண்டு போடுவாங்க, கும்பிட்டுட்டு வந்துரு."

மறுநாள் மத்தியானம் பெரியம்மா தோளில் புதுத் துண்டோடு வந்து இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை. நான் அப்பாவிடம் ஓடினேன். "அப்ப அக்கா எந்தக் கட்சி?"

"அவ ஆத்தா பக்கம். அப்பத்தான ஊரு நம்பும்!"

போச்சு. கூட்டணி வந்தும் அக்கா எனக்கு இல்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையில் கவுனை அளவு பார்க்க வந்த டெய்லர் திரும்பிப் போய்விட்டார்.

பவனி அன்று முதல் வரிசையில், யாரோ ஒரு கடைக்காரர் மகளோடு நின்று தேம்பிக்கொண்டிருந்தேன். தெருவின் இந்தப் பக்கம் அப்பாவும் பெரியப்பாவும் கரை வேட்டியில். அந்தப் பக்கம் பெரியம்மா, அவருடைய புதுக் கட்சிப் பெண்கள் பத்துப் பேரோடு. என்னைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று பவனிக்குள் நுழைந்து, கடைசி வரிசையிலிருந்து அக்காவை இழுத்து வந்து, எங்கள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. வெயிலில் வேகமாக வந்த படபடப்பு என்று நினைத்தேன்.

பெரியப்பா எட்ட நின்று இருமிக் காட்டினார். அப்பா நெருங்கி வந்து, "அண்ணி, கட்சி..." என்று முனகினார்.

"எங்க கட்சியில அப்படியெல்லாம் கெடையாது!" என்றார் பெரியம்மா, தெருவுக்கே கேட்கும்படி. என்ன விஷயம் என்று தெரியாமலே அந்தப் பத்துப் பெண்களும் கைதட்டினார்கள். அக்காவும் நானும் ராணிகள் மாதிரி நடந்தோம்.

தேர்தலில் பெரியம்மா கட்சிதான் ஜெயித்தது. தோட்டத்துக்குக் கரண்டு வந்தது. கொஞ்ச நாளில் கூட்டணியும் உடைந்து, அண்ணனும் தம்பியும் மறுபடி சுவரைக் கும்பிட்டார்கள். ஆனால் அக்காவையும் என்னையும் தெருவில் யாரும் பிரிக்கவில்லை. கேட்டால், "கட்சிக் கொள்கை" என்போம்.

முதல் ஓட்டுப் போடும் வயது வந்தபோது, அந்தக் கட்சியின் கொள்கை விளக்கப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். அப்படி ஒரு வரி எங்கேயும் இல்லை. பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அதுல எப்படிடி இருக்கும்? அன்னைக்கு நான் கட்சியில சேந்து மூணு நாளுதான ஆயிருந்துச்சு. நீ அழுதது பொறுக்கல, வாயில வந்ததச் சொல்லிப்புட்டேன். வீட்டுக்குப் போனா உங்க பெரியப்பா என்ன பண்ணுவாரோன்னு ஈரக்கொல நடுங்கிப்போச்சு."

ஒரு கட்சியே எங்களுக்குப் பின்னால் நிற்கிறது என்று நம்பித்தான் அன்றைக்கு அவ்வளவு நிமிர்ந்து நடந்தேன். எங்களைச் சேர்த்துப் பிடித்த அந்தக் கை ஏன் அப்படி நடுங்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.