என் பூசாரியும் பங்காருபேட்டைப் பூசாரியும்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் காலை ரயில் ஏறினால் பெங்களூர் வரும்வரை முன்பெல்லாம் நான் யாரோடும் பேசமாட்டேன். துணிக்கடையில் மூட்டை கட்டுகிற எனக்குப் பேச என்ன இருக்கிறது?

எதிர் சீட்டில் வரும் கம்பெனிப் பெண்தான் என்னை அந்த விளையாட்டில் சேர்த்துவிட்டாள். பாதாளம், பூதம், புதையல் என்று அவள் கதை சொல்வாள். நாங்கள் நான்கு பேர் அதற்குள் ஆளுக்கொரு வேஷம். அடி விழுந்ததா, தப்பித்தோமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ரயில் ஆட்டத்தில் அது ஓடிவிடாமலிருக்க டிபன் பாக்ஸ் மூடியில் உருட்டுவோம்.

"உங்களுக்கு இன்னா வேணும்ண்ணே, கத்தியா, மந்திரமா?"

"சண்டை போடாத ஆளு யாராச்சும் கீறாங்களாம்மா?"

"அப்ப நீங்க பூசாரி. விழுந்தவங்கள எழுப்பி விடுங்க. சாமிய நீங்களே வச்சிக்கோங்க."

மூட்டை கட்டும்போதெல்லாம் யோசித்து ஒரு சாமியை உண்டாக்கினேன். சுரங்கத்தில் இறங்குபவர்களுக்குத் துணை வரும் விளக்குச்சாமி. அதன்பிறகு தினமும், "பூசாரி, இங்க வாங்க, உயிர் போவுது!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். வீட்டில்கூட என்னை அப்படி யாரும் தேடியதில்லை.

பிறகு பங்காருபேட்டையில் ஏறும் மொபைல் கடைக்காரன் சேர்ந்தான். அவனும் பூசாரி வேஷம்தான் கேட்டான். "ஒரே ஊர்ல ரெண்டு கோயில் இல்லையா அண்ணா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மந்திரத்தைப் பாட்டாகவே பாடுவான். கடலை விற்பவர்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் பாதாளத்தில் எங்கள் வில்வீரன் சுருண்டு விழுந்தான். முறை என்னுடையது. சுரங்கத்தில் ஒருவன் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கக்கூடாது, விஷக்காற்று தூக்கப் போனவனையும் சேர்த்துச் சாய்த்துவிடும் என்பது சுரங்கத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பா சொன்னது. "முதல்ல விளக்க நீட்டிக் காத்து பாக்கறேன்" என்றேன்.

"காத்து நல்லாத்தான் கீதுண்ணே. உங்க முறை முடிஞ்சிது" என்றாள் கதை சொல்லும் பெண்.

அடுத்து மொபைல் கடைக்காரன் பாடினான். வில்வீரன் எழுந்தான். அன்றிலிருந்து "பூசாரி!" என்று கத்தினால் எல்லோர் கண்ணும் அவன் பக்கம்தான் போனது. எனக்கு வயிறு எரிந்தது. அவன் கொண்டுவரும் முறுக்கைக்கூட நான் தொடவில்லை.

போன வாரம் பூதம் அடித்து நானே விழுந்தேன். அவன் உடனே பாட வாயெடுத்தான்.

"எனக்கு வேணாம்" என்றேன்.

"இன்னா அண்ணா, செத்துப்போவீங்க!"

"போறேன். உன் பாட்டு வேணாம்."

கதை சொல்லும் பெண் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். "அண்ணே, நீங்க மயக்கத்துல கீறீங்க. மயக்கத்துல கீறவங்க வேணாம்னு சொல்ல முடியாது."

பெட்டியே சிரித்தது. அவன் பாடினான், வழக்கத்தைவிட நீளமாக. எனக்கு உயிர் வந்தது.

இறங்கும்போது அவன் என் பையை எடுத்துக் கொடுத்தான். "நாளைக்கு நான் விழுந்தா நீங்கதான் பாத்துக்கணும் அண்ணா" என்றான். தலையாட்டினேன். அவன் விழவேண்டும் என்று கடைவரைக்கும் விளக்குச்சாமியை வேண்டிக்கொண்டே நடந்தேன். எல்லோரும் பார்க்க விழவேண்டும். காற்றுக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் நான் அவனை எழுப்பவேண்டும்.