தொட்டிக்கு மூடி போட்டவன்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்பது இன்னும் எனக்குச் சந்தேகம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வரிச்சிக்குடிப் பக்கம் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய குளம் ஒன்றில் நான் காவல் வேலை பார்க்கிறேன். இந்த வருஷம் மழை ஓய்ந்ததும் ஒரு இன்ஜினியர் மேடம் லேப்டாப்போடு வந்தார். எங்கள் குளத்தைப் போலவே அதற்குள்ளும் ஒரு குளம் வைத்திருந்தார். மதகை எவ்வளவு திறந்தால் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும், எப்போது உப்பு ஏறும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுமாம். கடல் பக்கம் என்பதால் மட்டம் இறங்க இறங்க எங்கள் குளத்துத் தண்ணீர் கரிக்கும். கரித்த தண்ணீரைப் பாய்ச்சினால் நெல் பதராகிவிடும்.

கரையில் அகலமான தகரத் தொட்டி ஒன்றை வைத்து, நீர் நிரப்பி, "தினம் காலைல எட்டு மணிக்கு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்து எழுதுங்க. குப்பை விழாம சுத்தமா வச்சிக்கங்க" என்றார். எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம். குளத்து நீரிலும் உப்புமானியை விட்டுப் பார்ப்பவர் ஆயிற்றே, இதுவும் சுத்தம் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பாத்திரத்தைத் திறந்து போட்டால் திட்டு விழும். அதனால் எழுதி முடித்ததும் ஒரு தென்னங்கீற்றைத் தொட்டி மேல் போட்டுவிடுவேன். மறுநாள் எட்டு மணிக்கு எடுத்து மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அளப்பேன். மேடம் வருவதும் அந்த நேரம்தான்; அவர் வருகிற நாளில், அவர் போன பிறகுதான் மூடுவேன்.

மாசி பிறந்தபோது லேப்டாப் குளத்தைவிட நிஜக் குளம் அரையடி குறைவாக இருந்தது. கரையோரம் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். வாய்க்காலின் கடைசி வயல்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். எல்லோர் கண்ணும் அவர் மேல் போனது.

"என் இன்ஜின்ல கரிச்சான் குருவி கூடு கட்டியிருக்கு, வந்து பாருங்க மேடம்" என்றார் அவர்.

"மழை இல்ல. மதகு மூடியிருக்கு. வெயில் குடிச்சதுக்குத் தொட்டிக் கணக்கு இருக்கு. மிச்சத் தண்ணி எங்கங்க போச்சு? தெரியாம உங்க வாய்க்காலுக்கு எப்படித் திறக்கிறது?"

அவர் பயிர் பால் பிடிக்கிற நேரம். அந்த ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் வைக்கோல்தான் மிஞ்சும்.

வெயில் குடிக்கிற தண்ணீரை அளக்கவா அந்தத் தொட்டி! கீற்றை எடுத்து வந்து மேடம் கண்ணெதிரே தொட்டி மேல் போட்டேன்.

"என்னங்க இது?"

"தினம் மூடுவேங்க. குப்பை விழக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படியே கரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அண்ணன் விடவில்லை. "ஏன்டா தம்பி, இந்தத் தொட்டிக்கு எதுக்குடா மூடி? குளத்துக்குப் போட்டுருந்தா ஊருக்கே தண்ணி மிஞ்சியிருக்குமேடா!"

"அவ்ளோ கீத்துக்கு எங்கண்ணே போறது?" என்றேன். மேடம் முன்னால் நான் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான்.

ஐந்து நாள் தொட்டியைத் திறந்து வைத்து அளந்தோம். அந்தக் கணக்கைப் போட்டு மேடம் லேப்டாப் குளத்தை மறுபடி ஓட்டினார். திரையில் இரண்டு குளத்தின் நீர்மட்டக் கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. "தப்பு என் மேலயும்தான். எதுக்குன்னு நான் உங்ககிட்ட சொல்லலையே" என்றவர், அண்ணனைப் பார்த்து, "மன்னிச்சிக்கங்க. நாளைக்கே திறந்துடலாம். பத்து நாள் தள்ளினாதான் உப்பு ஏறும்" என்றார்.

மறுநாள் காலை நானே மதகுச் சக்கரத்தைச் சுற்றினேன். தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, ஓடிவரும் தண்ணீருக்கு முன்னால் சருகைத் தள்ளியபடியே தன் வயல்வரை போனார்.

நேற்று அவர் வயலில் அறுவடை. கதிரை உருவிக் கையில் கசக்கி ஊதினேன். பதர் கொஞ்சம்தான் பறந்தது. நெல் உள்ளங்கையிலேயே நின்றது.

பங்குனி பத்து, ஞாயிற்றுக்கிழமை.