கொள்ளேகால் பஸ்ஸில் என் யோசனை

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

பழைய பி.எட். கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது ஒரு வகுப்பை யோசித்து வைத்திருந்தேன். கன்னடம் மட்டுமே தெரிந்த மாணவர்களுக்கு ஒரு நாள் கணக்குப் பாடம் முழுவதையும் தமிழில் நடத்துவது. வீட்டில் தமிழ் பேசிவிட்டுக் கன்னடப் பள்ளியில் வந்து உட்காரும் குழந்தையின் திகைப்பைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

துறைத்தலைவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "இது காலேஜா, நாடகக் கம்பெனியா?"

அந்த வருடமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டேன்.

இன்று கொள்ளேகாலிலிருந்து மைசூருக்குத் திரும்பும்போது பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசும் ஒரு ஹனூர்ப் பையன். என் பழைய கல்லூரி மாணவன்; அங்கே துறைத்தலைவர் இன்றும் அவரேதான்.

"எங்க எச்ஓடி சார் கணக்குப் பூரா தமிழ்லயே நடத்த வெச்சாருங்க அங்கிள். மைசூர்ப் பசங்கெல்லாம் பேந்தப் பேந்த முழிச்சாங்க. நான் ஒருத்தன்தான் பதில் சொன்னேன். ஒண்ணாங்கிளாஸ்ல நானும் அப்படித்தான் முழிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"யாரோட யோசனை அது?"

"சாரோடதுதாங்க. அனுபவக் கற்றல்னு யூனிவர்சிடில பாராட்டுனாங்களாம். நீங்க என்ன பண்றீங்க அங்கிள்?"

"நானும் பி.எட். வாத்தியார்தான்."

"அப்ப உங்க காலேஜ்லயும் செஞ்சு பாருங்க. நல்லாருக்கும்."

அவன் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை. அதனால் பி.எட். ஆசிரியர்களின் இந்த முகநூல் குழுவில், பெயர் போடாமல் பதிவிடுகிறேன்.

அன்று அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் உங்களில் இருக்கலாம்; இதை எழுதியது யாரென்று ஒருவருக்காவது தெரிந்தால், கீழே சொல்லுங்கள். மறுக்க மாட்டேன்.